ஊழியம் காசாக மாறிய கதை

இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் சார்லஸ், போர்த்துகீசிய ராஜகுமாரி காதரீனை மணந்த வகையில் தமக்குச் சீதனமாக வந்து சேர்ந்த பம்பாய்த் தீவை, 1668-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் தேதியன்று கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குச் சாசனம் செய்து கொடுத்தார். அத்தீவுக்கும் அதன் துறைமுகத்துக்குமாகக் கம்பெனியார் அரசருக்குச் செலுத்த வேண்டியிருந்தது, ஆண்டுதோறும் செப்டம்பர் 30-ஆம் தேதி 10 பவுன் பொன் மட்டுமே. அந்தச் சாசனத்தில், இன்று வாசிப்பவருக்கு மிகுந்த வியப்பைத் தரக்கூடிய மற்றொரு நிபந்தனையும் இருந்தது. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள பம்பாயை, கெண்ட் ஜில்லாவிலுள்ள கிழக்குக் கிரீனிச் என்ற அரச பண்ணையைச் சேர்ந்த ஒரு துண்டு நிலம் போலப் பாவித்து அனுபவித்து வர வேண்டும் என்பதே அது. அரசருடைய யுத்தங்களுக்குப் படையனுப்ப வேண்டிய கடமை அந்தப் பண்ணையின் குடிகளுக்கு இல்லை. அந்தச் சலுகையையே கடல் கடந்த தீவுக்கும் விஸ்தரித்து, 10 பவுனோடு கம்பெனியாரின் கடன் தீர்ந்தது என்று அரசர் ஒப்புக்கொண்டார்.

இவ்வாறு செய்ய வேண்டிய ஊழியத்துக்குப் பதிலாக ஒரு சிறு தொகையைக் கட்டிவிட்டு, மற்றக் கடமைகளிலிருந்து விடுபட்டு நிலத்தை அனுபவிக்கும் முறைக்கு ஆங்கிலேயர் குவிட் ரென்ட் என்று பெயரிட்டிருந்தார்கள். இன்றும் நம் தமிழகத்து இனாம் பத்திரங்களிலும் மலேசியத் தமிழர்களின் நிலவரிச் சீட்டுகளிலும் அந்தப் பெயர் காணப்படுகிறது. ஆகையால், அது எங்கே பிறந்தது, யாரை எதிலிருந்து விடுவித்தது, யாரை விடுவிக்காமல் விட்டது என்பதை விசாரிப்பது வீண் வேலையாகாது.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், நிலம் முழுவதும் அரசனுக்கே சொந்தம் என்ற கொள்கை அங்கே வேரூன்றியது. அரசன் பெரும் பிரபுக்களுக்கு நிலம் அளித்தான். பிரபுக்கள் அதில் ஒரு பகுதியைத் தங்கள் குதிரை வீரர்களுக்கு அளித்தார்கள். வீரர்களுடைய பண்ணைகளில் குடியானவர்கள் ஏர் பிடித்தார்கள். இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் நிலத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது காசு அன்று, உடலின் உழைப்பும் ஆயுதமுமே. நைட் என்ற பட்டம் பெற்ற வீரன், ஆண்டுக்கு 40 நாள் தன் சொந்தச் செலவில் குதிரையும் கவசமும் கொண்டு போர்க்களத்துக்கு வர வேண்டும். பண்ணைக் குடியானவனோ வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் பிரபுவின் வயலில் உழ வேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும் அழைத்த நாளிலெல்லாம் வர வேண்டும். மகளுக்கு மணம் முடிக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டி அனுமதி பெற வேண்டும். அவன் இறந்தால் அவன் தொழுவத்திலிருந்த மாடுகளில் சிறந்ததைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார்.

இந்த அமைப்பின் கொடுமை வேலையின் கனத்தைவிட அதன் எல்லையின்மையிலேயே அடங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மறுநாள் காலையில் தனக்கு என்ன வேலை இடப்படும் என்பதை முந்திய இரவில் அறியாதவனே அடிமைக் குடியானவன் என்ற கருத்தில் அக்காலத்துச் சட்ட நிபுணர் பிராக்டன் எழுதியிருக்கிறார். ஊழியத்தை அளந்து முடிக்க முடியாது. பணத்தையோ எண்ணி முடித்துவிடலாம். எண்ணிக் கொடுத்த பிறகு வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை ஒருவனுக்குக் கிடைத்ததே இந்த மாறுதலின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

மாறுதல் மேல்தட்டில்தான் முதலில் நிகழ்ந்தது. 40 நாளில் கலைந்துபோகும் சேனையை நம்பிக் கடல் கடந்து யுத்தம் நடத்த இயலாது என்பதை உணர்ந்த அரசர் இரண்டாம் ஹென்றி, 1159-இல் பிரான்சின் தூலூஸ் நகர்மீது படையெடுத்தபோது, களத்துக்கு வர வேண்டிய வீரர்களிடமிருந்து அதற்குப் பதிலாகக் கேடயப் பணம் என்ற வரியைப் பெருமளவில் வசூலித்து, அந்தப் பணத்தைக் கொண்டு கூலிப்படையை அமர்த்தினார். வீரர்களுக்கும் இது சௌகரியமாகவே இருந்தது. ஆனால் ஒரு கடமை காசாக மாறிய உடனே, அந்தக் காசை எத்தனை தடவை, எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. ஹென்றியின் மகன் ஜான் தமது 17 ஆண்டு ஆட்சியில் 11 தடவை கேடயப் பணம் கேட்டார். அதன் பலனாக 1215-இல் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் 12-ஆவது ஷரத்தில், ராஜ்யத்தின் பொது ஆலோசனையின்றிக் கேடயப் பணம் விதிக்கலாகாது என்று எழுதிப் பிரபுக்கள் அவரிடம் முத்திரை வாங்கினார்கள். சம்மதமில்லாமல் வரி இல்லை என்று பிற்காலத்தில் உலகமெங்கும் ஒலித்த தத்துவத்தின் வித்துகளில் ஒன்று, போருக்குப் போகாமல் இருப்பதற்காகக் கொடுத்த இந்தப் பணத்தில் இருந்தது.

கீழ்த்தட்டில் மாறுதல் மெதுவாக வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பல பண்ணைகளில், மனமில்லாமல் வந்து மாலை வரை நின்றுவிட்டுப் போகும் குடியானவனைவிட அவன் கொடுக்கும் சில பென்னிகளே மேல் என்று பிரபுக்கள் கருதத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் விரும்பினால் பணத்தை மறுத்து மீண்டும் ஊழியத்தையே கேட்கும் அதிகாரத்தை அவர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். 1348-இலும் 1349-இலும் பிளேக் நோய் இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொள்ளைகொண்டு போனபின், உயிரோடு எஞ்சிய உழைப்பாளியின் கூலி ஏறியது. பிரபுக்களோ, 1351-இல் கூலியை உயரவொட்டாமல் தடுக்கும் சட்டத்தை இயற்றியதுமன்றி, பழைய ஊழியக் கணக்குகளையும் தூசு தட்டி எடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் புகைந்த அந்த நெருப்பு 1381-இல் பற்றிக்கொண்டது.

அவ்வாண்டு ஜூன் 14-ஆம் தேதி, லண்டனுக்கு வெளியே மைல் எண்டு என்ற இடத்தில், பதினான்கே வயது நிரம்பிய அரசர் இரண்டாம் ரிச்சர்டின் முன்னே குடியானவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்றை நம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அடிமைத்தனம் ஒழிய வேண்டும், நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்னி வாடகைக்கு மேல் எந்தக் கடமையும் இருக்கலாகாது என்று கேட்டார்கள். நிலம் இலவசமாக வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு தொகையைச் சொல்லி, அதோடு முடியட்டும் என்றார்கள். அளவுக்காகவே அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். அரசர் இசைந்து முத்திரைப் பத்திரங்கள் எழுதித் தந்தார். மறுநாளே ஸ்மித்ஃபீல்டில் தலைவர் வாட் டைலர் வெட்டிக் கொல்லப்பட்டார். சில வாரங்களுக்குள் பத்திரங்கள் யாவும் ரத்து செய்யப்பட்டன.

ஆயினும் காலம் குடியானவன் பக்கமே நின்றது. சட்டத்தால் பெற முடியாததை, ஆள் பஞ்சத்தில் இருந்த பிரபுக்களோடு பேரம் பேசியே அடுத்த நூறு ஆண்டுகளில் அவன் பெற்றான். ஊழியங்கள் ஒவ்வொன்றாகப் பணமாயின. பணம் பண்ணைக் கோர்ட்டின் பதிவேட்டில் எழுதப்பட்டு நிலைபெற்றது. பதினாறாம் நூற்றாண்டில் விலைவாசி பன்மடங்கு உயர்ந்தபோது, பதிவேட்டில் எழுதிய 4 பென்னி 4 பென்னியாகவே நின்றுவிட்டது! வாரிசு நிலம் ஏற்கும் சமயத்தில் கேட்கும் நுழைவுப் பணத்தை ஏற்றிப் பிரபுக்கள் அந்த நஷ்டத்தை ஓரளவு ஈடுசெய்தார்களாயினும், பாட்டன் நிர்ணயித்த வாடகையைப் பேரன் கட்டிய பண்ணைகளில் ஆண்டான் அடிமை உறவு நாணயத்தின் மதிப்போடு சேர்ந்து தேய்ந்துபோயிற்று. 1660-இல் பார்லிமெண்டு குதிரை வீரர் ஊழியத்தையும் அதைச் சார்ந்த உரிமைகளையும் அடியோடு ஒழித்து, அதனால் அரசருக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 1,00,000 பவுனை பீர் முதலிய பானங்களின்மேல் விதித்த தீர்வையிலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்தது. நிலமுடையோரின் சுமை இவ்வாறு பீர் குடிக்கும் ஏழைத் தொழிலாளியின் தலையில் இறங்கியதைச் சரித்திர ஆசிரியர்கள் போதிய அளவு கண்டித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஊழியத்தின் இடத்தில் காசும் இல்லாமல் வெறும் அடையாளம் மட்டுமே நின்ற இடங்களும் உண்டு. இன்றும் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில், லண்டன் நகர சபையார் ராஜாங்க நியாயஸ்தலத்துக்கு வந்து, 1154-இல் ஏற்பட்ட பழமையான பதவியை வகிக்கும் அரச நினைவூட்டி என்ற அதிகாரியின் முன்னிலையில், இரண்டு நிலங்களுக்கு வாடகை செலுத்துகிறார்கள். ஷ்ராப்ஷையரிலுள்ள மூர்ஸ் என்ற நிலத்துக்காக ஒரு மழுங்கிய கத்தியும் ஒரு கூரிய கத்தியும் கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1211-ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. இப்போது அவற்றின் இடத்தில் வெட்டரிவாளையும் கோடரியையும் வைத்து, ஒரு கழியில் அவற்றைப் பரீட்சித்துக் காட்டுகிறார்கள். ஸ்ட்ராண்டு வீதிக்கு அருகே வால்டர் லெ பிரன் என்ற லாடக்காரர் 1235-இல் பெற்ற பட்டறை நிலத்துக்காக 6 லாடங்களையும் 61 ஆணிகளையும் உரக்க எண்ணி ஒப்படைக்கிறார்கள். மூர்ஸ் நிலம் எங்கே இருந்தது என்பதே இன்று துல்லியமாகத் தெரியவில்லை. பட்டறை மறைந்து நூற்றாண்டுகள் ஆயின. இருந்தும் வாடகை நிற்கவில்லை. நிலம் உன்னுடையதுதான், ஆனால் என் மூலமாக உனக்கு வந்தது என்று கொடுத்தவர் சொல்வதும், அதை வாங்கியவர் ஆமோதிப்பதும் தொகையைவிட முக்கியமாகக் கருதப்பட்டன என்பதற்கு இந்த ஆணிகளைவிடச் சிறந்த சாட்சியம் இல்லை.

அந்த ஆமோதிப்பே கடலுக்கு அப்பால் வேறு விதமான பலனைத் தந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களைச் சாசனம் செய்து கொடுத்தபோது ஆங்கில அரசர்கள் தங்களுக்கென்று கேட்டது அற்பமே. 1632-இல் மேரிலாந்தைப் பெற்ற பால்டிமோர் பிரபு ஆண்டுக்கு இரண்டு செவ்விந்திய அம்புகளையும், 1681-இல் பென்சில்வேனியாவைப் பெற்ற வில்லியம் பென் இரண்டு பீவர்த் தோல்களையும் விண்ட்சர் கோட்டையில் செலுத்த வேண்டும். ஆனால் அந்தப் பிரபுக்களோ, காடு வெட்டிக் குடியேறியவர்களிடம் காசாகவே கேட்டார்கள். பென்சில்வேனியாவில் 100 ஏக்கருக்கு ஒரு ஷில்லிங். அரசரே நேராக வசூலித்த வர்ஜீனியாவில் 100 ஏக்கருக்கு 2 ஷில்லிங், அதுவும் பெரும்பாலும் புகையிலையாக. தொகை சிறிதுதான். ஆயினும் நியூ ஜெர்சியில் 1670-இல் முதல் தவணை கேட்கப்பட்டபோதே, நாங்கள் இந்த மண்ணைச் செவ்விந்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினோம், உமக்கு எதற்காகத் தர வேண்டும் என்று எலிசபெத் டவுன் வாசிகள் மறுத்துவிட்டார்கள். மற்ற மாகாணங்களிலும் பாக்கி ஆண்டுக்கு ஆண்டு குவிந்தது. பென் தம் அந்திமக் காலத்தில் கடன்காரர்களால் சிறை வைக்கப்பட்டதற்கு, குடிகளிடமிருந்து வர வேண்டிய வாடகை வராமற்போனதும் ஒரு காரணமாக இருந்தது.

இங்கிலாந்துக் குடியானவன் உயிரைக் கொடுத்துக் கேட்ட அதே ஏற்பாட்டை அமெரிக்கக் குடியேறி ஏன் வெறுத்தான்? முன்னவனுக்கு அந்தக் காசு, அவன் பாட்டன் முதுகில் சுமந்த ஊழியத்தின் விலை. கொடுக்கும்போதெல்லாம் தான் எதிலிருந்து விடுபட்டோம் என்பது அவனுக்கு நினைவிருந்தது. பின்னவனோ எந்தப் பிரபுவுக்கும் ஏர் பிடித்தவன் அல்லன். ஒழிந்த ஊழியத்துக்குப் பதில் என்று எதையும் அவன் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இல்லாத கடமைக்கு விடுதலைப் பணம் கேட்டதுதான் அந்த ஏற்பாட்டின் குற்றம் என்பது என் அபிப்பிராயம். சுதந்தர யுத்தத்தின் நடுவே, 1779-இல், பென் குடும்பத்தாரின் உரிமையைப் பென்சில்வேனியச் சட்டசபை 1,30,000 பவுன் நஷ்டஈடு கொடுத்து நீக்கிவிட்டது. அந்த மாகாணத்திலேயே, 1772-இல் ஸ்டீகல் என்ற கண்ணாடித் தொழிலதிபர் மான்ஹைம் ஊர்க் கிறிஸ்தவ ஆலயத்துக்கு நிலம் கொடுத்தபோது, ஜூன் மாதந்தோறும் ஒரு சிவப்பு ரோஜாப்பூ வாடகையாகத் தந்தால் போதுமென்று எழுதிவைத்தார்; அதை மட்டும் அவர் சந்ததியாருக்கு அந்த ஊரார் இன்றும் விழா எடுத்துச் செலுத்தி வருகிறார்கள்.

நம் நாட்டில் நிலத்துக்கும் ஊழியத்துக்கும் இருந்த பந்தம் எவ்வளவு பழமையானது என்பதைக் கோயில் கல்வெட்டுகள் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கருக்கும் தலையாரிக்கும், ஏரி மடை திறக்கும் நீர்கட்டிக்கும், தச்சருக்கும் கொல்லருக்கும், கோயிலில் மேளம் வாசிப்பவருக்கும் நந்தவனம் பராமரிப்பவருக்கும் வரியில்லாமலோ குறைந்த வரியிலோ மானியம் விடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலம் திரும்பிவிடும். சென்னை ராஜதானியில் 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் இந்த மானியங்களையெல்லாம் கிராமம் கிராமமாக விசாரித்துப் பதிவு செய்தது. சர்க்காருக்கு இனி வேண்டாத ஊழியங்களின் நிலங்களை, முழுத் தீர்வையில் ஒரு பங்கைக் குவிட் ரென்ட் என்று விதித்து, நிபந்தனையிலிருந்து விடுவித்து, பட்டயம் வழங்கியது. நில ஆவணங்களில் இன்றும் டி.டி. நம்பர் என்று குறிப்பிடப்படுவது அந்தப் பட்டயத்தின் எண்ணே. கிராம அதிகாரிகளின் மானியங்களும் பிறகு இவ்வாறே விடுவிக்கப்பட்டன. அவர்களுக்கு மாதச் சம்பளம் ஏற்பட்டது.

விடுவித்தது நன்மையா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. கர்ணம் எனப்பட்ட கணக்கர் வேலை பல இடங்களில் ஒரு குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாக இருந்தது. பதவியில் ஒருவர் இருப்பார், விளைச்சலில் பங்காளிகள் பலர் ஜீவனம் செய்வார்கள். நிலம் விடுவிக்கப்பட்டபின் அது குடும்பத்துக்குச் சொந்தமா, பதவியிலிருந்தவருக்கு மட்டும் சொந்தமா என்ற தகராறு லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் சென்று, 1921-இல் பதவி வகித்தவருக்கே தனிச் சொத்து என்று தீர்ப்பாயிற்று. எழுத்தில் யார் பெயர் இருந்ததோ அவருக்கு விடுதலை. எழுத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு வறுமை. நிபந்தனை நீங்கிய நிலத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம் என்றாகிவிட்டதால், ஊழியம் இருந்த காலத்தில் கடன்காரன் கைக்கு எளிதில் போகாத சிறு மானியங்களுக்கு அந்தக் காப்பும் போயிற்று.

ஆயினும் இந்தச் சட்ட உபாயம் மனித ஜீவன்களை உண்மையாகவே மீட்ட ஒரு சந்தர்ப்பமும் நம் சரித்திரத்தில் உண்டு; அதை நினைக்கும்போது என் நெஞ்சு நிறைகிறது. கோயில்களில் தேவதாசிகளாகப் பொட்டுக் கட்டப்பட்ட பெண்களுக்கு ஆடலும் பாடலும் நிபந்தனையாக நிலங்கள் விடப்பட்டிருந்தன. தாய்க்குப் பின் நிலம் குடும்பத்தில் நிலைக்க வேண்டுமானால், மகளுக்கும் பொட்டுக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வயிற்றுப் பிழைப்பு போகும். ஒரு துண்டு வயல் ஒரு குழந்தையின் வாழ்க்கையை இவ்வாறு பிணித்திருந்தது. இந்தப் பிணிப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டவர், சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராக விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். பொட்டுக் கட்டுவதைப் பாவம் என்று கண்டித்தவர்கள் அவருக்கு முன்னும் பலர் உண்டு. அவரோ நிலத்தின் நிபந்தனையிலேயே கை வைத்தார். அவர் கொண்டுவந்த மசோதா 1929-இல் சென்னையின் 5-ஆவது சட்டமாக நிறைவேறி, அந்த இனாம் நிலங்களைக் குவிட் ரென்ட் முதலியவற்றை விதித்து ஊழியத்திலிருந்து விடுவிக்க வழி செய்தது. நிலம் பெண்ணிடம் இருக்கும். அவள் கோயிலில் ஆட வேண்டியதில்லை. அவள் மகளும் ஆட வேண்டியதில்லை. பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் சட்டம் 1947-இல்தான் வந்தது. முதலில் சோற்றை விடுவித்து, பிறகு வழக்கத்தைத் தடுத்த அந்த வரிசைமுறையில் ஒரு மருத்துவரின் தெளிவு இருக்கிறது.

இலங்கையில் கண்டி அரசர் காலத்து ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயர் 1832-இல் ஒழித்தபோதும், பௌத்த விகாரைகளையும் தெய்வங்களுக்குரிய தேவாலைகளையும் சார்ந்த நிலங்களில் அது தொடர்ந்தது. 1870-ஆம் ஆண்டின் 4-ஆவது கட்டளைச் சட்டம் ஒவ்வொரு நிலத்துக்குமுரிய ஊழியங்களைப் பதிவு செய்து, அவற்றுக்கு ஈடான ஆண்டுத் தொகையையும் நிர்ணயித்து, எதைச் செலுத்துவது என்ற முடிவைக் குடியானவரிடமே விட்டது. பெரஹரா என்ற திருவிழா ஊர்வலத்தில் மேளம் கொட்டுவதையும் ஆடுவதையும் குலப்பெருமையாகக் கருதியவர்கள் காசு கொடுக்காமல் ஊழியத்தையே தொடர்ந்தார்கள். மறுக்கும் உரிமை கையில் இருக்கும்போது செய்யப்படும் ஊழியத்தை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலேசியாவில் சொந்த வீடோ தோட்டமோ உள்ள தமிழர்கள், மலாயில் சுக்காய் தானா எனப்படும் இந்தக் குவிட் ரென்ட்டை ஆண்டுதோறும் மே 31-ஆம் தேதிக்குள் மாநில அரசுக்குக் கட்டுகிறார்கள். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நோட்டீசுக்குப் பின்னும் கட்டாதவரின் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊழியத்துக்கும் ஈடாக அங்கே அது விதிக்கப்படவில்லை. தமிழகத்திலோ 1963-ஆம் ஆண்டின் 30-ஆவது சட்டம் சிறு இனாம்களை ஒழித்து, நிலமுடையவர் நேராக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றிவிட்டது. ஆனால் கோயில் நிலம் எது, தனியார் நிலம் எது என்ற வழக்கு எழும்போதெல்லாம், வக்கீல்கள் முதலில் தேடிப் போவது 1860-களின் அந்த இனாம் பதிவேட்டையே. அதில் எழுதப்பட்டிருப்பது நிலம் ஊழியத்துக்காக விடப்பட்டதா, ஊழியம் செய்தவருக்காக விடப்பட்டதா என்பதைப் பொறுத்து, இன்று அந்த மண்ணில் குடியிருக்கும் குடும்பங்கள் அங்கே இருப்பதும் வெளியேறுவதும் தீர்மானமாகின்றன.